வெயிலில் நிற்காமல் மேடை நிறம்: ஆணழகன் போட்டிக்கு டேன் பூசும்போது நேரும் பிழைகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

இயல்பிலேயே மாநிறமாகவோ கறுப்பாகவோ இருக்கும் பிள்ளைக்கு எதற்கு மேலும் கறுப்புப் பூச்சு என்று போட்டியாளரின் வீட்டார் என்னிடம் கேட்காத ஆண்டே இல்லை. மேடையின் வெள்ளை விளக்குகள் உடல்மீது நேராக விழும்போது, தசைகளுக்கு இடையே விழவேண்டிய நிழல் அந்த வெளிச்சத்திலேயே கரைந்துவிடுகிறது; மாதக்கணக்கில் உப்பையும் சோற்றையும் குறைத்துக் கொண்டுவந்த கட்ஸ், அதாவது தசைகளைப் பிரித்துக்காட்டும் வெட்டுகள், எதிரே அமர்ந்திருக்கும் நடுவரின் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அதோடு, நம் உடல் எங்கும் ஒரே நிறத்தில் இருப்பதும் இல்லை. உடல் முழுவதையும் ஒரே அடர்பழுப்புக்குக் கொண்டுவந்து, விளக்கொளியிலும் நிழல் நிற்கும்படி செய்வதற்காகத்தான் டேன் பூசப்படுகிறது.

போட்டிகளின் ஒப்பனை அறைகளில் பல ஆண்டுகளாக டேன் பூசிவருகிறேன். அந்த அனுபவத்தில் திரும்பத் திரும்பக் கண்ட பிழைகளை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியின்படி இங்கே எழுதுகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை பாட்டிலில் பிறந்தவை அல்ல. பூசுவதற்கு முந்தைய இரண்டு நாள்களில் தோலுக்கு என்ன செய்தோம், என்ன செய்யத் தவறினோம் என்பதில் பிறந்தவை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

டேன் திரவத்தில் இரண்டு வகை நிறம் உண்டு. பூசியவுடன் தெரிவது மேலே ஒட்டியிருக்கும் சாயம். எங்கே பூசினோம், எங்கே விட்டோம் என்பதைக் காட்டுவதே அதன் வேலை, தண்ணீர் பட்டால் அது போய்விடும். உண்மையான நிறத்தைத் தருவது டைஹைட்ராக்சி அசிட்டோன் என்னும் எளிய சர்க்கரைப் பொருள், சுருக்கமாக டி.எச்.ஏ. என்பார்கள். இது தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களின் புரதத்தோடு வினைபுரிந்து பழுப்பு நிறமாகிறது. தோசையின் ஓரம் முறுகிப் பழுப்பதும் இதே இன வேதிவினைதான்; டேன் பூசிய உடம்பில் சில மணி நேரம் கழித்து எழும் பிஸ்கட் போன்ற வாசனைக்கும் இதுவே காரணம். நிறம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தெரியத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் நன்றாக ஏறி, மேலடுக்கு உதிர உதிர ஒரு வாரத்திற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், கிளைக்கோஜன் சேமிப்புக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இந்தச் சர்க்கரையை வாய்வழியாகக் கொடுத்து ஆராய்ந்த ஈவா விட்கென்ஸ்டைன், மருந்து சிந்திய இடங்களில் தோல் பழுப்பாக மாறியதையும் துணியில் கறை பிடிக்காததையும் கவனித்தார். துணியில் இல்லாத ஏதோ ஒன்று தோலில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்த ஏதோ ஒன்றாகிய மேலடுக்குப் புரதம் எங்கே தடித்திருக்கிறதோ அங்கே நிறம் அதிகம் ஏறும். எங்கே எண்ணெயாலோ சோப்பின் படலத்தாலோ மூடப்பட்டிருக்கிறதோ அங்கே ஏறாது. கீழே சொல்லப்போகும் பிழைகளில் பாதியை இந்த ஒரு செய்தியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

நிறமே ஏறவில்லை, தண்ணீர் பட்டதும் எல்லாம் போய்விட்டது

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். பூசி எட்டு மணி நேரம் ஆகாமல் உடம்பில் தண்ணீர் பட்டிருந்தால், போனது மேற்சாயம். அடியில் நிறம் உருவாக அவகாசமே கொடுக்கவில்லை. நேரம் போதுமானதாக இருந்தும் ஏறவில்லை என்றால் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை அம்மா வற்புறுத்தினார்கள் என்று நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உடற்பிடிப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. சீயக்காய் போட்டுக் குளித்தாலும் முதுகின் நடுவிலும் தோள்பட்டையின் பின்புறத்திலும் எண்ணெய் தங்கிவிடுகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து முதுகில் வையுங்கள். அது பரவி நனைத்தால் தோல் தயாராக இருக்கிறது; தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் இருந்தால், பீர்க்கங்காய் நாரில் பயத்தம் மாவைத் தொட்டு வட்டமாகத் தேய்த்துக் கழுவி, வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, தோல் முழுவதும் உலர்ந்த பிறகு மறுபடியும் பூசத் தொடங்க வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு பூசினால் இன்னொரு பிழை வந்து சேரும்.

இவை எதுவும் காரணம் இல்லை என்றால் பாட்டிலைப் பாருங்கள். டி.எச்.ஏ. வெப்பத்தில் சிதையும் பொருள். மே மாதத்தில் கூரியர் வண்டியிலோ பைக்கின் பெட்டியிலோ கிடந்த பாட்டில், காலாவதித் தேதிக்கு முன்பே வீரியம் இழந்திருக்கக் கூடும். திறந்ததும் புளித்த நெடி அடித்தாலோ முன்பு இருந்த நிறம் மாறியிருந்தாலோ அதைப் போட்டிக்கு நம்ப வேண்டாம்.

முழங்கால், முழங்கை, கணுக்கால் மட்டும் கரியாக நிற்கின்றன

இந்த இடங்களில் தோல் தடிப்பாகவும் வறண்டும் இருப்பதால் திரவத்தை அதிகம் உறிஞ்சுகின்றன. நம்மவர்களுக்கு இவை ஏற்கெனவே சற்றுக் கறுத்தே இருக்கும். பூசுவதற்குச் சற்று முன்னால், மணமில்லாத சாதாரண ஈரப்பத லோஷனை விரல் நுனியில் மட்டும் எடுத்து இந்த மூட்டுகளிலும் விரற்கணுக்களிலும் பாதத்தின் ஓரத்திலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். டேனை நேரடியாக அங்கே ஊற்றாமல், தொடையிலும் காலிலும் பூசிய ஸ்பாஞ்சில் மிஞ்சியதைக் கொண்டே மூட்டைத் தொட்டு முடிக்க வேண்டும். முழங்கையை மடக்கி வைத்துப் பூசுவதை மறந்துவிடாதீர்கள். நீட்டியபடி பூசினால், போஸ் கொடுக்க மடக்கும்போது சுருக்கங்களுக்குள் வெள்ளைக் கோடுகள் விரியும்.

ஏற்கெனவே கறுத்துவிட்டது என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் அந்த இடத்தில் போர்த்தி வைத்துவிட்டு, அதே துணியால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். எலுமிச்சையையும் சோடா உப்பையும் கலந்து அழுத்தித் தேய்க்கும் வழக்கம் ஜிம்களில் இருக்கிறது. மழித்த தோலில் அது எரிச்சலையும் சிவப்பையும் கொடுப்பதால் நான் அதைச் செய்வதில்லை, செய்யவும் விடுவதில்லை.

மார்பு ஒரு நிறம், முன்கையும் கழுத்தும் வேறு நிறம்

மேலைநாட்டு டேன் பாட்டில்களின் பின்புறத்தில் எழுதியிருக்கும் வழிமுறையில் இந்தப் பிழைக்கு இடமே இருக்காது. உடல் முழுவதும் ஏறத்தாழ ஒரே வெளிர்நிறத்தில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவை. நம் ஊரில் பைக் ஓட்டி வேலைக்குப் போகும் இளைஞனின் கையைப் பாருங்கள்: அரைக்கைச் சட்டை முடியும் இடத்தில் கோடு கிழித்தாற்போல ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்கும். கழுத்தின் பின்புறத்தில் காலர் வரைந்த கோடு, பனியன் வார் விட்டுப்போன தடம், கைக்கடிகாரம் இருந்த வெள்ளை வளையம், இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருந்த இடம் என ஒரே உடம்பில் ஐந்தாறு நிறங்கள் இருக்கும். இந்த உடம்பின்மீது எல்லா இடத்திலும் சமமாக மூன்று கோட், அதாவது மூன்று அடுக்குப் பூச்சு, அடித்தால், வித்தியாசம் அப்படியே மூன்று கோட் ஆழத்துக்குப் போகுமே தவிர மறையாது.

வெயிலால் வந்த கருமை தோலின் உள்ளடுக்கில் உருவாகும் மெலனின் என்னும் நிறமி. டேனின் நிறமோ மேலடுக்கில் மட்டும் நிற்பது. ஒன்றை மற்றொன்றால் அழிக்க முடியாது, ஈடுகட்டத்தான் முடியும். ஆகவே முதல் பூச்சை மார்பு, வயிறு, முதுகு, மேற்கையின் உட்புறம், தொடை ஆகிய வெளிர்ந்த இடங்களுக்கு மட்டும் பூசுங்கள். சட்டைக் கோட்டின் அருகே வரும்போது ஸ்பாஞ்சை அழுத்தாமல், கருத்த பகுதிக்குள் இரண்டு விரற்கடை தூரம் தேய்த்து மங்கவிடுங்கள். கைக்கடிகாரத் தடத்தை மேக்கப் பிரஷ்ஷால் தனியே நிரப்புங்கள். அது உலர்ந்து, சில மணி நேரம் கழித்து நிறம் எழத் தொடங்கியபின் உடல் முழுவதற்கும் பொதுவான கோட் அடிக்க வேண்டும். என் கணக்கில் முன்கைக்கும் கழுத்துக்கும் எப்போதும் ஒரு கோட் குறைவு.

இதைப் பகல் வெளிச்சத்தில் செய்வது நல்லது. மஞ்சள் குண்டு பல்பின் கீழே எல்லா நிறமும் ஒன்றுபோலத் தெரிந்து, மேடையில் ஏறிய பிறகுதான் சட்டைக் கோடு வெளிப்படும்.

முதுகிலும் விலாவிலும் வழிந்த கோடுகள்

சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்கரைப் புழுக்கத்தில் நடக்கும் போட்டிகளில் இதுவே முதற்பிழை. ஒரு மே மாதம் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த போட்டியில், மின்விசிறி மட்டுமே இருந்த மணமகன் அறைக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நின்றிருந்தார்கள். நான் பூசி முடித்த தம்பி ஒருவர், மேடையேறுமுன் தசைகளைப் புடைக்கவைக்கும் பம்ப் அப் பயிற்சியைத் தொடங்கிய சில நிமிடங்களில், பிடரியில் அரும்பிய ஒரு வியர்வைத் துளி முதுகெலும்பின் பள்ளம் வழியாக இறங்குவதைப் பார்த்தேன். அது இறங்கிய பாதை முழுவதும் தேநீர் நிறத்தில் கோடாகி, அதன் நடுவே அவருடைய இயல்பான தோல் வெளுத்துத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் உதவுவதாக எண்ணித் துண்டால் ஒரே இழுப்பில் துடைத்தார். ஒரு கோடு உள்ளங்கை அகலத் திட்டாகிவிட்டது. மேடையேற நேரம் மிகக் குறைவாகவே இருந்தது. அன்று அந்தத் திட்டைச் சரிசெய்ய முடியாமல் அவரை அனுப்பியது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

வழிவது எப்போதும் மேற்சாயமே. அடியில் டி.எச்.ஏ. நிறம் முழுதாக ஏறியிருந்தால், மேலே வழிந்தாலும் கோடு அவ்வளவாகத் தெரியாது. எனவே அடித்தள நிறத்தைப் போட்டிக்கு முந்தைய நாள் மாலைக்குள் இரண்டு அல்லது மூன்று கோட்டுகளில் ஏற்றிவிட்டு, போட்டி நாள் காலையில் ஒரே ஒரு மெல்லிய கோட் மட்டும் பூச வேண்டும். எல்லாவற்றையும் காலையிலேயே அடித்துவிடலாம் என்று எண்ணுபவர்களுக்குத்தான் இந்தக் கோடு வருகிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு, கையையும் காலையும் அகட்டி நிற்க வைத்து, விசிறிக் காற்றில் பதினைந்து இருபது நிமிடமாவது உலரவிட வேண்டும். அக்குள், முழங்காலின் பின்மடிப்பு, பிட்டத்தின் கீழ்மடிப்பு ஆகியவை கடைசியாகத்தான் உலரும். இரவில் தளர்ந்த பழைய கைலியும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் போதும். பட்டும் கம்பளியும் தோலைப் போலவே புரதத்தால் ஆனவை என்பதால் அவற்றில் படியும் பழுப்பு எளிதில் போகாது. பட்டு வேட்டியை அருகே கொண்டுவராதீர்கள்.

வியர்வை அரும்பிவிட்டால், டிஷ்யூ தாளை மேலே வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கோடு விழுந்துவிட்டால், அந்த இடம் உலரும்வரை விசிறிவிட்டு, அநேகமாக உலர்ந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி நிரப்ப வேண்டும். தொட்டுப் பார்த்தாலே கையில் ஒட்டிக்கொள்ளும் வகைப் பூச்சுகளைப் பல போட்டி அமைப்புகள் மேடையில் அனுமதிப்பதில்லை என்பதால், போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே விதியைக் கேட்டுவிட்டு, காலையில் எதைப் பூசுவது என்று முடிவு செய்யுங்கள்.

ஆரஞ்சு நிறம், பச்சைச் சாயல்

ஆரஞ்சு பெரும்பாலும் அளவு மிகுதியால் வருவது. தோலின் மேலடுக்கு ஏற்கக்கூடிய அளவுக்கு மேல் டி.எச்.ஏ. கொடுத்தால் பழுப்பு ஆழமாவதில்லை, செம்மஞ்சளாகத் திரிகிறது. சிவந்த நிறமுள்ளவர்கள், ஒரு தடவையில் மேடைக் கருமை வேண்டும் என்று மிகச் செறிவான திரவத்தை வாங்கும்போது இது நேரும். குறைந்த செறிவில் கூடுதல் கோட்டுகளாக ஏற்றுவதே தீர்வு. காரத்தன்மையுள்ள சோப்புக் கட்டியால் குளித்து அது முழுவதும் அலசப்படாமல் இருந்தாலும் நிறம் பிசகும், டி.எச்.ஏ. சற்று அமிலத்தன்மையுள்ள தோலில்தான் நன்றாக வேலை செய்யும். உப்புத்தன்மை மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு எளிதில் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

பச்சை, அக்குளில் மட்டும் தெரிந்தால் டியோடரன்ட்தான் காரணம். போட்டிக்கு முந்தைய நாளிலிருந்து அதை நிறுத்திவிடுங்கள். உடல் முழுவதும் பச்சை தெரிந்தால், கோட்டுகள் மிகுந்துவிட்டன, அல்லது மேற்சாயம் உங்கள் நிறத்துக்குப் பொருந்தவில்லை. வெதுவெதுப்பான நீரில் சோப்பில்லாமல் அலசி மேற்சாயத்தைப் போக்கிவிட்டு, அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று பாருங்கள். பல முறை அடியில் நல்ல பழுப்பே இருக்கும்.

தொடையிலும் மார்பிலும் மிளகு தூவியது போன்ற புள்ளிகள்

மழித்தவுடன் பூசினால், மயிர்க்கால்களில் திரவம் தேங்கிப் புள்ளிகளாக நிற்கும். ரேசர் என்றால் குறைந்தது 24 மணி நேரம், வாக்ஸ் என்றால் 48 மணி நேரம் இடைவெளி விடுங்கள். புள்ளிகள் வந்துவிட்டால் அவை தாமாக மங்க ஓரிரு நாள் ஆகும்; அதன்மேல் இன்னொரு கோட் அடிப்பது பெரும்பாலும் பிழையை ஆழமாக்கும்.

உள்ளங்கை காட்டிக்கொடுக்கிறது

உள்ளங்கையிலும் பாதத்தின் அடியிலும் மேலடுக்கு மிகவும் தடித்தது. அங்கே டேன் பட்டால் துருப்பிடித்த இரும்பின் நிறம் வந்து நாள்கணக்கில் நிற்கும். பூசுபவர் கையுறை அணிவதோடு, போட்டியாளர் தன் உடம்பை ஈரத்தில் தொடாமல் இருப்பதும் வேண்டும். பட்டுவிட்டால் சில நிமிடங்களுக்குள் கழுவினால் போகும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போகாது.

முகம் உடலோடு ஒட்டவில்லை

முகத்தின் மேலடுக்கு விரைவில் உதிர்கிறது. தினமும் கழுவுகிறோம், மழிக்கிறோம். அதனால் முந்தைய நாள் ஏற்றிய நிறம் காலையில் குறைந்திருக்கும். முகத்தைக் கடைசியாகவும் மெல்லியதாகவும் பூசி, காது மடலையும் அதன் பின்புறத்தையும் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். நெற்றியில் விபூதி இட்டிருந்தால் ஈரத்துணியால் துடைத்து உலர்த்திய பிறகே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வெள்ளைக் கோடுகள் அப்படியே நிற்கும். கம்ப்ரஸரால் ஸ்ப்ரே செய்யும்போது கண்ணை மூடி, மூக்கையும் உதட்டையும் மறைத்து, கதவைத் திறந்து வைத்திருங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., டி.எச்.ஏ.வை வெளிப்பூச்சுக்கு மட்டுமே ஏற்றிருக்கிறது. கண், உதடு, மூக்கின் உட்புறம் போன்ற இடங்களில் படுவதும் மூச்சில் போவதும் அந்த ஏற்பில் அடங்கவில்லை.

அரிப்பு, தடிப்பு, எரிச்சல்

இதில் சரிசெய்து தொடரும் வழி எதுவும் கிடையாது. உடனே கழுவிவிட்டு நிறுத்த வேண்டும். தடிப்பு பரவினாலோ மூச்சு திணறினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு பூசி ஒரு நாள் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். நறுமணப் பொருள்களும் பாதுகாப்புப் பொருள்களுமே பெரும்பாலும் குற்றவாளிகள் என்பதால், ஒரு பாட்டில் ஒத்துக்கொள்ளாதவருக்கு வேறொன்று ஒத்துக்கொள்ளக் கூடும்.

டேன் சரியாக வரவில்லை என்றதும் தேடிப்போகும் வழிகள்

நிறம் போதவில்லை என்ற பதற்றத்தில் சிலர் மொட்டை மாடியில் உச்சி வெயிலில் படுக்கிறார்கள். போட்டிக்கு முந்தைய நாள்களில் தண்ணீரைக் குறைத்திருக்கும் உடம்பை வெயிலில் போடுவது மயக்கத்துக்கும் அதைவிட மோசமானதற்கும் கொண்டுபோகும். புற ஊதா விளக்குப் படுக்கைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதற்பிரிவில் சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டில் அழகு நோக்கிலான பயன்பாட்டைத் தடை செய்தது. தோலைக் கறுக்கவைக்கும் என்று மெலனோட்டான் என்ற பெயரில் ஊசியாகவும் மூக்கு ஸ்ப்ரேயாகவும் விற்கப்படுவது அனுமதி பெறாத பொருள். பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதை எதிர்த்து எச்சரித்திருக்கின்றன. தோலுக்கு நிறம் ஏற்ற விழுங்கும் காந்தசாந்தின் என்னும் நிறமி மாத்திரைகளால் விழித்திரையில் படிகங்கள் படிந்தது மருத்துவப் பதிவுகளில் உண்டு. ஒரு மாலை மேடையில் நிற்கும் நிறத்துக்காக இவற்றில் எதையும் தொடாதீர்கள் என்று என்னிடம் வரும் ஒவ்வொரு தம்பியிடமும் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

டேன் பூசிய கருமை வெயிலைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. அது தரும் காப்பு மிகச் சொற்பம். பூசிய முதல் நாள் வெயிலில் நிற்காமல் இருப்பதே நல்லது.

போட்டி முடிந்தபின் திட்டுத்திட்டாக உரிகிறது

மூன்றாம் நான்காம் நாளில் கழுத்திலும் அக்குளிலும் இடுப்பிலும் நிறம் பாம்புச் சட்டை போல விட்டுவிட்டு உரியத் தொடங்கும். மேலடுக்கு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் உதிராததே காரணம். இப்போதுதான் அம்மா சொன்ன எண்ணெய்க் குளியலுக்கு நேரம். வெதுவெதுப்பான நல்லெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ உடல் முழுவதும் தேய்த்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் குளித்தால் வாளித் தண்ணீர் பழுப்பாக இறங்கும். மறுநாள் ஒரு முறை, அதற்கடுத்த நாள் இன்னொரு முறை செய்தால் பெரும்பகுதி போய்விடும். அடுத்த வாரமே இன்னொரு போட்டி இருக்கிறது என்றால், மிச்சம் இருக்கும் திட்டுகளின் மேலேயே புதிய கோட் அடிக்க வேண்டாம்; புதன்கிழமைக்குள் முழுவதையும் எடுத்துவிட்டு, வியாழக்கிழமை மழித்து, எண்ணெய்ச் சுவடு இல்லாதபடி பயத்தம் மாவில் குளித்து, சனிக்கிழமை காலை தண்ணீர்ச் சொட்டுச் சோதனையிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.